தாளில் பச்சை, டயரில் கம்பி: பூனாகலை வீதி சொல்லித்தந்த வீல் அலைன்மென்ட் கணக்கு

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகும் வீதியில், ஒரு கொண்டை ஊசித் திருப்பத்துக்குச் சற்று முன்னால் என் காரின் முன் இடது டயர் காற்றை விட்டது. மாலை நேரம், மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வேகம் மணிக்கு 20 கிலோமீற்றரைத் தாண்டவில்லை என்பதால் கார் வீதியிலேயே நின்றது. ஒரு பக்கம் தேயிலை மலை. மறுபக்கம் கல்லெறிந்தால் விழுகிற சத்தம் கேட்காத பள்ளம்.

பாடசாலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பிக்கொண்டிருந்த சாரதி அண்ணன் ஒருவர் நிறுத்தி உதவினார். கழற்றிய டயரை அவர் புரட்டிக் காட்டியபோதுதான் அதன் உட்பக்கத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன். வெளிப்பக்கத்தில் வெட்டுக்கோடுகள் நன்றாகவே இருந்தன. உட்பக்க ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இறப்பரே இல்லை. உள்ளே இருந்த கம்பி வெளியே தெரிந்தது.

"தம்பி, அலைன்மென்ட் பார்க்கலயா?"

"பார்த்தேன் அண்ணே. மூணு மாசத்துக்குள்ள ரெண்டு தரம்."

நம்பமாட்டார் என்று நினைத்து, டேஷ்போட்டுக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். கடைசியாக அலைன்மென்ட் செய்த இடத்தில் தந்தது. கைபேசி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "கீழ எல்லாம் பச்சையா இருக்கு, சரி. மேல இடது பக்கம் ஒண்ணு மட்டும் சிவப்பா இருக்கே. ஏன்னு கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. வரவு செலவுத் திட்ட அறிக்கையை வாசித்துச் செய்தி எழுதத் தெரிந்த எனக்கு, காசு கொடுத்து வாங்கிய ஒரு பக்கத் தாளை வாசிக்கத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் இது சின்ன விடயம் அல்ல

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் மதிப்பு ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. ஆகவே மலையகத்திலும் வடக்கு கிழக்கிலும் ஓடும் வாகனங்களில் பெரும்பகுதி பழையவை. பழுதைத் தைத்துத் தைத்து ஓட்டப்படுபவை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. சின்னக் கார் ஒன்றுக்கு ஒரு டயர் வாங்கவே ஒரு வாரத்துக்கும் மேற்பட்ட நாட்சம்பளம் போய்விடும்.

பணம் ஒரு பக்கம். பூனாகலை போன்ற இடத்தில் ஒரு வான் என்பது பாடசாலை வாகனமும் அம்புலன்ஸும் மரண வீட்டு வாகனமும் ஆகும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையை மண் மூடியதையும், 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் லயன்கள் மண்சரிவில் சிக்கியதையும் அனுபவித்த பகுதி இது. இரவில் அடைமழை பெய்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டிய நிலை வந்தால், அந்த வாகனத்தின் நான்கு டயர்களும் தரையைத் தொடும் இடம் மொத்தமாக நான்கு உள்ளங்கைகளின் அளவுதான். அந்த அளவு நிலத்தில்தான் பத்துப் பேரின் உயிர் நிற்கிறது.

மூன்று கோணங்கள்

அலைன்மென்ட் தாளில் எத்தனை வரிகள் இருந்தாலும் அடிப்படையில் மூன்று கோணங்களைத்தான் அது பேசுகிறது.

முதலாவது டோ. இரண்டு பாதங்களையும் பார்த்தபடி நில்லுங்கள். பெருவிரல்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே திரும்பியிருந்தால் அது டோ இன். வெளியே விரிந்திருந்தால் டோ அவுட். மேலிருந்து பார்க்கும்போது முன் சக்கரங்கள் இரண்டும் அப்படித்தான் நிற்கும். டயரை மிக வேகமாகத் தின்னும் கோணம் இதுதான். பெரும்பாலான சிறிய கார்களில் சரிசெய்ய முடிந்த ஒரே கோணமும் இதுதான்.

இரண்டாவது கேம்பர். காரின் முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் நிமிர்ந்து நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்பது. சக்கரத்தின் தலை உள்ளே, காரின் பக்கம் சாய்ந்தால் கழித்தல் குறி. வெளியே சாய்ந்தால் கூட்டல் குறி. கழித்தல் அதிகமானால் உள் ஓரம் தேயும், கூட்டல் அதிகமானால் வெளி ஓரம் தேயும்.

மூன்றாவது கேஸ்டர். சைக்கிளின் முன் கவட்டை நேர்குத்தாக இல்லாமல் முன்னோக்கிச் சரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டு ஓட்டினாலும் சைக்கிள் நேராகப் போவது அந்தச் சரிவின் உதவியால்தான். காரிலும் அதே வேலை. கேஸ்டர் டயரை நேரடியாகப் பெரிதாகத் தேய்க்காது. ஆனால் இடது வலது வித்தியாசம் அதிகமானால், எந்தப் பக்கத்தில் கேஸ்டர் குறைவோ அந்தப் பக்கத்துக்கு வாகனம் இழுக்கும்.

டோவின் கொடுமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். என் காருக்கு 12 அங்குல ரிம், அதாவது 305 மி.மீ. விட்டம். ரிம்மின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் இடையில், இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து 3 மி.மீ. டோ பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 1.5 மி.மீ. ஒன்றரையை 305ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.005. ஒரு கிலோமீற்றர் ஓடும்போது ஒவ்வொரு முன் டயரும் ஏறக்குறைய 5 மீற்றர் பக்கவாட்டில் இழுபடுகிறது என்பது இதன் பொருள். 40 கிலோமீற்றர் போய் வந்தால் 200 மீற்றர். ஒரு டயரைக் கயிறு கட்டித் தார் வீதியில் 200 மீற்றர் குறுக்காக இழுத்துச் செல்வதை நினைத்துப் பாருங்கள். மூன்று மில்லிமீற்றர் என்று யாராவது அலட்சியமாகச் சொன்னால் இந்தக் கணக்கை ஞாபகப்படுத்துங்கள்.

தாளை வாசிப்பது எப்படி

ஒரு நல்ல தாளில் மூன்று நிரல்கள் இருக்கும். ஒன்று, கம்பனி அந்த மொடலுக்குச் சொல்லும் எல்லை. இரண்டு, வேலைக்கு முன் இருந்த அளவு. மூன்று, வேலைக்குப் பின் உள்ள அளவு. எல்லைக்குள் இருந்தால் பச்சை, வெளியே இருந்தால் சிவப்பு. பல இடங்களில் கடைசி நிரலை மட்டும் அச்சடித்துத் தருவார்கள். முன் அளவையும் கேட்டு வாங்குங்கள். நோய் என்ன என்பது அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, அலகு. அளவுகள் பெரும்பாலும் பாகையிலும் கலையிலும் வரும். ஒரு பாகைக்கு 60 கலை. பாடசாலையில் கேத்திரகணிதத்தில் படித்த அதே கணக்கு. −0°30′ என்றால் அரைப் பாகை. சில இயந்திரங்கள் தசமத்தில் காட்டும். அங்கே அதே அரைப் பாகை −0.50 என்று வரும். 0.30ஐயும் 0°30′ஐயும் ஒன்றாக நினைத்தால் ஏறக்குறைய பாதி அளவு பிழைத்துவிடும். டோவை மி.மீ. இல் காட்டும் இயந்திரமும் உண்டு. அப்போது எந்த ரிம் அளவுக்கு என்று கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, இடது வலது வித்தியாசம். ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாக எல்லையோடு ஒப்பிடுவது போதாது. இடது கேம்பரும் வலது கேம்பரும் பச்சையாகவே இருந்தாலும், ஒன்று எல்லையின் ஒரு நுனியிலும் மற்றது மறு நுனியிலும் இருந்தால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கலாம். இந்த வித்தியாசத்தைத் தனி வரியில் காட்டும் இயந்திரங்கள் உண்டு.

நான்காவதாக, பின் அச்சு எந்தத் திசையில் தள்ளுகிறது என்பதைக் காட்டும் வரி. திரஸ்ட் ஏங்கிள் என்று தாளில் இருக்கும். இது பூச்சியத்திலிருந்து விலகினால், கார் நண்டு போலச் சற்றுக் குறுக்காக ஓடுகிறது. நேராகப் போக ஸ்டியரிங்கை ஒரு பக்கம் சற்றுத் திருப்பியே பிடிக்க வேண்டும். பின்னால் பட்டை வில் உள்ள சிறிய லொறிகளிலும் வான்களிலும் அந்த வில்லின் நடு ஆணி உடைந்தாலோ, புஷ் தேய்ந்தாலோ இப்படி நடக்கும். முன் சக்கரத்தை எத்தனை முறை சரிசெய்தாலும் இது தீராது.

மலையில் ஓடுபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு வரி, திருப்பத்தில் வரும் டோ. திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன. இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஒன்று இழுபட்டுத்தான் ஆக வேண்டும். இதற்கான தீர்வு மோட்டார் காருக்கும் மூத்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரக் குதிரைவண்டித் தயாரிப்பாளர் லாங்கென்ஸ்பெர்கரின் யோசனைக்கு, அவருடைய முகவரான அக்கர்மன் 1818இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். இன்றும் அது அக்கர்மன் கோணம்தான். ஸ்டியரிங் கை வளைந்திருந்தால் நேர் வீதியில் எல்லாம் சரியாக இருக்கும்; கொண்டை ஊசித் திருப்பத்தில் மட்டும் டயர் கீச்சிடும்.

டயரை வாசிப்பது எப்படி

தாள், கார் சமதளத்தில் அசையாமல், பெரும்பாலும் ஆள் இல்லாமல் நின்ற பத்து நிமிடத்தின் படம். டயர், நீங்கள் ஓடிய ஆயிரக்கணக்கான கிலோமீற்றரின் நாட்குறிப்பு. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் உண்மை வரும்.

முதலில் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பி நிறுத்துங்கள். அப்போது முன் டயர்களின் உட்பக்கத்தையும் எட்டிப் பார்க்கலாம். நான் ஒரு முறையாவது இதைச் செய்திருந்தால் அந்த மாலையில் நடுவீதியில் நின்றிருக்க மாட்டேன்.

இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இவ்விரண்டுக்கும் அலைன்மென்ட் தேவையில்லை. ஒழுங்கான காற்று போதும். எவ்வளவு காற்று என்பது சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அது உங்கள் காருக்கான அளவு அல்ல. ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களில் கிலோபாஸ்கலில் எழுதியிருக்கும். 7ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட பி.எஸ்.ஐ. கிடைக்கும். 240 என்றால் ஏறக்குறைய 35. வாகனம் ஓடிச் சூடாகும் முன் அளக்க வேண்டும்.

ஒரு ஓரம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். கையால் தடவும்போது அரத்தின் பல் போல ஒரு பக்கம் மழுங்கலாகவும் மறுபக்கம் கூராகவும் இருந்தால் டோ. உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தடவும்போது கை குத்தினால் டோ இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது குத்தினால் டோ அவுட் அதிகம். கம்பி வெளியே வந்த டயரை வெறும் கையால் தடவ வேண்டாம்.

டயரைச் சுற்றி ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் சொக் அப்சோபர் பலமிழந்திருக்கலாம், அல்லது பெலன்ஸ் பிழைத்திருக்கலாம். பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. பெலன்ஸ் என்பது ரிம்மில் சின்ன நிறைத் துண்டுகளை ஒட்டிச் சக்கரத்தின் பாரத்தைச் சமப்படுத்துவது. குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் பெலன்ஸ். ஒரு பக்கம் இழுத்தால், ஸ்டியரிங் கோணலாக நின்றால் அலைன்மென்ட்.

எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவது? வெட்டுக்கோட்டுக்குள் ஆங்காங்கே குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். கார் டயரில் அவற்றின் உயரம் 1.6 மி.மீ. டயரின் முகம் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மழையில் அதற்கு முன்பே பிடி குறைந்துவிடும். பாவித்த டயர் வாங்குபவர்கள் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. வெட்டுக்கோடு ஆழமாக இருந்தாலும் இறப்பர் கிழடாகி வெடித்திருக்கலாம்.

கிளிநொச்சியில் தேயாத டயர் இங்கே ஏன் தேய்ந்தது

என் கார் கிளிநொச்சியிலிருந்து வந்தது. 1983 வன்முறைக்குப் பின் பதுளைப் பக்கத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய என் மாமாவுடையது. இவ்வாறு 1977இலும் 1983இலும் மலையிலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் ஏராளம். இதை வாசிப்பவர்களில் சிலருக்கு இரண்டு வீதிகளும் தெரிந்திருக்கும். மாமா ஏ9 வீதியில் ஓட்டிய காலத்தில் டயர்கள் சமமாகவே தேய்ந்தன. "அங்க என்னடா செய்யிறாய் காரை?" என்று அவர் கேட்டதில் தவறில்லை.

நேர் வீதியில் பாரம் நான்கு சக்கரங்களிலும் ஒழுங்காகப் பங்கிடப்படும். மலை இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே திரும்பும்போது பாரம் முன்னுக்கும் திருப்பத்தின் வெளிப்பக்கத்துக்கும் சாய்ந்து, ஒரேயொரு முன் டயரின் வெளி ஓரத்தில் விழுகிறது. அடுத்த திருப்பத்தில் மறு டயரில். ஆகவே மலையில் ஓடும் வாகனத்தில், அலைன்மென்ட் முழுமையாகச் சரியாக இருந்தாலும், முன் டயர்களின் வெளி ஓரங்கள் சற்று முந்தித் தேய்வது இயல்பு. இரண்டிலும் ஒரே அளவாகத் தேய்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஏறக்குறைய 10,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றினால் நான்கும் சேர்ந்து தேயும்.

ஆனால் என் டயர் தேய்ந்தது உள் ஓரத்தில், அதுவும் இடது பக்கம் மட்டும். மலைத் திருப்பம் அதைச் செய்யாது.

மறுநாள் அந்தச் சாரதி அண்ணன் சொன்ன கராஜுக்குப் போனேன். மெக்கானிக் அலைன்மென்ட் இயந்திரத்தின் பக்கமே போகவில்லை. ஜெக் அடித்து முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். இடது பக்கம் கடகடவென்று ஆடியது. போல் ஜொயின்ட் போயிருந்தது. சொக் அப்சோபரின் தண்டும் வளைந்திருந்தது. சக்கரம் எங்கேயாவது குழியில் பலமாக இறங்கியதா என்று கேட்டார். இறங்கியிருந்தது. சில மாதங்களுக்கு முன் எதிரே வந்த பஸ்ஸுக்கு இடம் விட ஒதுங்கியபோது, வீதியோரத்துக் கானுக்குள் முன் இடது சக்கரம் விழுந்து ஏறியது. குழியில் விழும் அடி சக்கரத்தைக் கீழிருந்து மேலே தள்ளும். சக்கரம் தண்டுக்கு வெளிப்பக்கமாக இருப்பதால் தண்டு வளைந்து சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்துவிடும். தாளில் சிவப்பாக இருந்த −1°40′ அதைத்தான் சொல்லியிருக்கிறது. வலது பக்கத்தில் அது −0°10′ மட்டுமே.

அப்படியானால் ஏன் கார் ஒரு பக்கம் இழுக்கவில்லை? நான் கேட்ட இந்தக் கேள்விக்கான பதில்தான் எனக்குப் பெரிய பாடம். கேம்பர் வித்தியாசம் இருந்தால் வாகனம் கூட்டல் பக்கத்துக்கு இழுக்கும். என் காரில் அது வலது பக்கம். ஆனால் நம் நாட்டில் நாம் இடது பக்கத்தில் ஓடுகிறோம். மழைநீர் ஓட வீதி ஓரம் நோக்கிச் சரிவாகப் போடப்பட்டிருப்பதால் வீதி வாகனத்தை இடது பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. ஸ்டியரிங் நேராக நின்றது. நான் நிம்மதியாக ஓட்டினேன். டயர் மட்டும் உள்ளே தேய்ந்துகொண்டிருந்தது.

அலைன்மென்ட் செய்த இடத்திலும் பொய் சொல்லவில்லை. டோவைச் சரிசெய்தார்கள், அது பச்சையானது. இந்த வகைக் காரில் கேம்பரைத் திருப்பி வைக்க ஆணி கிடையாது என்பதால் சிவப்பை அப்படியே விட்டார்கள். ஆனால் ஆணி இல்லாத கோணம் சிவப்பானால், ஏதோ ஒரு சாமான் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்றுதான் பொருள். அதைச் சொல்ல யாரும் மினக்கெடவில்லை. போல் ஜொயின்ட் ஆடும் காரில் வைத்த டோ, கராஜின் வாசலைத் தாண்டி முதல் குழியில் இறங்கியதுமே மாறத் தொடங்கியிருக்கும். இரண்டு முறை கொடுத்த காசும் அதோடு போனது.

காசு கொடுக்கும் முன்

அலைன்மென்ட் செய்யும் முன் நான்கு டயருக்கும் சரியான காற்று அடித்திருக்க வேண்டும். போல் ஜொயின்ட், டை ரொட் எண்ட், புஷ், சக்கர பெயாரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். முன் அளவும் பின் அளவும் உள்ள தாளைக் கேளுங்கள். தாளில் எது சிவப்பாக மிஞ்சினாலும் "இது ஏன்?" என்று கேளுங்கள். எப்போதும் பின்னால் பாரம் ஏற்றி ஓடும் வானாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். பாரம் ஏறும்போது உடல் தாழ்ந்து கோணங்களும் மாறும்.

அலைன்மென்ட் இயந்திரம் இல்லாத ஊரில் இருப்பவர்கள் டோவை வீட்டிலேயே ஓரளவு அளக்கலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய ஒஸ்டின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த சமூகத்துக்கு இது பெரிய வேலை அல்ல. சமதளத்தில் ஸ்டியரிங்கை நேராக வைத்து நிறுத்துங்கள். முன் டயர்கள் இரண்டிலும், பின்புறம், அளவுநாடா தடையின்றிப் போகக்கூடிய உயரத்தில், நடுக்கோட்டில் வெண்கட்டியால் அடையாளமிடுங்கள். இரண்டு அடையாளங்களுக்கும் இடையில் உள்ள தூரத்தை இருவர் பிடித்து அளந்து எழுதுங்கள். பிறகு அதே அடையாளங்கள் முன்புறத்தில் அதே உயரத்துக்கு வரும்வரை காரை முன்னோக்கித் தள்ளுங்கள். பின்னோக்கித் தள்ளினால் அளவு பிழைக்கும். மீண்டும் அளந்து பாருங்கள். முன் அளவு குறைவாக இருந்தால் டோ இன். கூடுதலாக இருந்தால் டோ அவுட். வித்தியாசம் ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் போனால் பட்டணத்துக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம் வந்துவிட்டது. வாகனத்துக்கு வாகனம் சரியான அளவு மாறும் என்பதால், இதை மருந்தாக அல்ல, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியாகப் பாவியுங்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது புகையைத்தான் பார்க்கும், சக்கரத்தை அல்ல.

கான் யாருடையது

சொக் அப்சோபர் இரண்டையும் போல் ஜொயின்டையும் மாற்றி, பிறகு அலைன்மென்ட் செய்தோம். இடது கேம்பர் −0°15′க்கு வந்தது. தாளில் சிவப்பே இல்லை. புது டயரின் உள் ஓரத்தை வாரம் ஒரு முறை ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்கிறேன். இதுவரை சமமாகவே இருக்கிறது.

ஆனால் சக்கரம் விழுந்த அந்தக் கான் அப்படியே இருக்கிறது. அதை யார் திருத்த வேண்டும் என்று விசாரித்தேன். ஒருவர் தோட்டத்தைக் காட்டினார், தோட்டத்தில் பிரதேச சபையைக் காட்டினார்கள், அங்கே போனால் வேறொரு அலுவலகத்தைக் காட்டினார்கள். இந்தக் கைகாட்டலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடுவதற்குத் தடையாக இருந்து வந்தது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம். அந்தச் சபை அவர்களுடைய லயனுக்குப் போகும் வீதியில் ஒரு கூடை கல் போடுவதற்குச் சட்டம் குறுக்கே நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. மூன்று தசாப்தங்களாக யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த வீதிகள், சட்டத்தில் ஒரு வரி மாறியதால் உடனே சமதளமாகிவிடவில்லை.

அந்த மூன்று தசாப்தத்தின் செலவு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இல்லை. அது பாடசாலை வான் சாரதியின் சட்டைப் பையிலிருந்து போல் ஜொயின்டாகவும் டயராகவும் போகிறது. அங்கிருந்து பிள்ளைகளின் வான் கட்டணமாக, கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளத்துக்குப் போகிறது. மீள்குடியேறிய வன்னிக் கிராமங்களில் கிரவல் வீதியில் ஓடுபவர்களுக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல.

தேய்ந்த டயரை எறியாமல் வைத்திருக்கிறேன். வீதியைத் திருத்தக் கோரிப் பிரதேச சபைக்கு எழுதும் கடிதத்தோடு அதன் உட்பக்கத்தின் படத்தையும், சிவப்பு அளவுள்ள தாளின் பிரதியையும் இணைக்கப் போகிறேன். அந்தச் சாரதி அண்ணனிடம் சொன்னபோது, "நம்ம வான் தாளும் இருக்கு தம்பி, நாலஞ்சு வருசத்தது. அதையும் சேத்துக்குங்க" என்றார். மறுநாள் காலை அவருடைய வான் என் வாசலில் நின்றது. ஒரு பழைய பைலில் பதினொரு தாள்கள். ஒவ்வொன்றிலும் முன் அளவின் நிரலில், இடது பக்கத்தில்தான் சிவப்பு.